பரிந்துரையில் பேரம் கிடையாது

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் இரண்டு கையையும் கூப்பி எழுதிக்கொள்வது. நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். இனி நிஜத்தைச் சொல்கிறேன். கடை சீல் வைத்துப் பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர்த் தொட்டி வியாபாரம் என்பது வெயில் ஏறுகிற காலத்துச் சமாச்சாரம். நாலு தூறல் விழுந்துவிட்டால் எவனும் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். இந்த வெள்ளிக்கிழமைக்குள் கடை திறக்காவிட்டால் தொட்டிக் கம்பெனி என் ஏஜென்சியைப் பிடுங்கி எதிர்க்கடைக்காரர் கையில் கொடுத்துவிடும். சைக்கிளின் பின்னால் வாளிகளைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கத்தித் தொண்டை கிழிந்து, படிப்படியாக ஏறி நான் பிடித்த ஏஜென்சி அது. அது போகப்போவதற்குக் காரணம் நான் எழுதின ஓர் அறிக்கை. அதை எப்படி எழுதுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சம்பந்தியிடம் கோபப்படக் கூடாது என்று என் வீட்டுக்காரி இப்போதுதான் வந்து எச்சரித்துவிட்டுப் போனாள். அதனால் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஆரம்பம் உங்களுக்கு அரைகுறையாகத் தெரியும், முழுசாகக் கேளுங்கள். கடையின் மொட்டை மாடியில் தொட்டிகளைப் படுக்கவைத்து வரிசையாகக் கயிறு போட்டுக் கட்டியிருப்போம். அன்றைக்கு ஒரு வாடிக்கையாளருக்குப் பெரிய தொட்டி ஒன்று இறக்க வேண்டியிருந்தது. நம் கடையில் சுமை தூக்குகிறவர் இருக்கிறாரே, ஆடி ஆடி நடப்பதால் கப்பல் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், அவர்தான் மேலே போய் முடிச்சை அவிழ்த்தார். ஒன்றை அவிழ்த்தால் பக்கத்துத் தொட்டி நகராமல் முட்டுக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன் என்று அவர் சொல்கிறார். காற்று என்று நான் சொல்கிறேன். எதுவோ ஒன்று. பக்கத்துத் தொட்டி சோம்பல் முறிப்பது போல மெல்லப் புரண்டு, முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி, கீழே தகரக் கூரையில் இடி விழுந்த மாதிரி விழுந்து, துள்ளித் தெருவில் இறங்கிவிட்டது. எங்கள் தெரு எவ்வளவு சரிவு என்று உங்களுக்கே தெரியும், முதல் தடவை வந்தபோது பாதியில் நின்று மூச்சு வாங்கினீர்கள். ஏறும்போது உங்களைப் பிடித்து இழுத்த அதே சரிவு, தொட்டியைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டது. தையல்காரர் கத்தரிக்கோலோடு வெளியே ஓடிவந்து, "ஓரம் போ! ஓரம் போ!" என்று தொட்டியைப் பார்த்துக் கத்துகிறார். மனுஷர்களைப் பார்த்தல்லவா கத்த வேண்டும்? ஒருத்தர் மேலும் படவில்லை, அதுவரைக்கும் நம் நல்ல காலம். நின்றிருந்த ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடியோடு போயிற்று. ஆனால் தொட்டி போய் நின்ற இடம் இருக்கிறதே சம்பந்தி, தெருக்கோடியில் இருக்கிற பாதுகாப்பு அலுவலகத்தின் வாசல்! கடைகளும் பட்டறைகளும் ஆபத்தில்லாமல் நடக்கின்றனவா என்று பார்ப்பதற்கென்றே இருக்கிற அலுவலகம். அந்த வாசல் அகலமும் என் தொட்டி அகலமும் அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒன்று. புட்டிக்கு மூடி போட்டது போலப் போய் உட்கார்ந்துகொண்டது. உள்ளே அதிகாரி.

அவர் பக்கத்து ஜன்னல் வழியாக முதலில் ஒரு காலை விட்டு, அப்புறம் கைப்பையை விட்டு, அப்புறம் மற்றக் காலை விட்டு இறங்கினார். சட்டையைத் தட்டிக்கொண்டு, "யார் தொட்டி இது?" என்று கேட்டார். கேட்கவே தேவையில்லை. என் கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் வெள்ளைப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. விளம்பரத்துக்காக நானே நின்று எழுதவைத்தது. அவர் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். என் சட்டைப்பையில் மணி அடித்தது. நான் அவருக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் எடுத்து, "வணக்கம், என்ன சைஸ் வேணும்?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். அன்று மாலையே சீல். "முறையா ஒரு அறிக்கை எழுதிக் குடுங்க. அதைப் பார்த்துட்டுத்தான் கடையைத் திறக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் என்ன அறிக்கையைக் கண்டேன்? சரக்கைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவேன். எழுதச் சொன்னால் எங்கே தொடங்குவது? மனுஷன் எந்தக் கதையையும் ஆரம்பத்திலிருந்துதானே சொல்வான். நான் பிறந்ததில் தொடங்கினேன். கொண்டுபோய்க் கொடுத்தால், தபால் வாங்குகிற எழுத்தர் ஒரு மூக்குக்கண்ணாடி ஆசாமி, உட்கார்ந்து புரட்டுகிறார், புரட்டுகிறார்.

"பத்துப் பக்கம் தாண்டிட்டேன். இன்னும் தொட்டியே வரலையே?"

"வந்துடும் சார். இப்பத்தான் சைக்கிள் வாங்கியிருக்கேன்."

"இது அறிக்கை இல்லைங்க, உங்க வாழ்க்கை வரலாறு. அதுக்கு இங்கே கோப்பு கிடையாது."

அதுக்கப்புறம்தான் உங்களுக்குப் போன் போட்டேன். அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதி எழுதியே தலைமுடி கொட்டி ஓய்வு பெற்றவர் நீங்கள், உங்களைவிட யார் இருக்கிறார்கள்? நீங்களும் பொறுமையாகத்தான் சொன்னீர்கள், அதை நான் மறுக்கவில்லை. முதலில் தலைப்பும் தேதியும் யாருக்கு யார் எழுதுவது என்பதும். அடுத்தது சுருக்கம். அப்புறம் நோக்கம், பின்னணி, கண்டறிந்தவை, முடிவு, பரிந்துரை, கடைசியில் இணைப்புகள். கண்டறிந்ததில் அபிப்பிராயத்தைக் கலக்காதீங்க, முடிவில் புதுசா சங்கதி சொல்லாதீங்க என்றீர்கள். முழு முடிவையும் முதல் பக்கத்துச் சுருக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்றபோதுதான் நான் குறுக்கே விழுந்தேன்.

"விலையை முதல்லயே சொல்லிட்டா அப்புறம் எவன் சம்பந்தி சரக்கைப் பார்ப்பான்?"

"அவர் சரக்கு வாங்க வரலை. அவருக்குப் படிக்க நேரம் இருக்காது, முதல் பக்கம்தான் பார்ப்பார்."

"நேரம் இல்லாத ஆளுக்கு எதுக்கு அறிக்கை?"

நீங்கள் மறுபடியும் தலைப்பு, தேதி என்று முதலிலிருந்து தொடங்கினீர்கள்.

சரி, படித்தவர் சொல்கிறார் என்று எழுத உட்கார்ந்தேன். 'நான்' என்று எங்கேயும் எழுதாமல் 'கடை உரிமையாளர்' என்று எழுதச் சொன்னீர்கள். எழுதினேன். கடை உரிமையாளர் உடனே ஓடினார், கடை உரிமையாளர் பதறினார், கடை உரிமையாளர் ஸ்கூட்டர்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். என் வீட்டுக்காரி வாசித்துவிட்டு, "யாருங்க அந்த உரிமையாளர்? ரொம்ப நல்ல மனுஷனா இருக்காரே" என்றாள். எதிர்க்கடைக்காரர் சிரித்ததைக் கண்டறிந்தவையில் போடலாமா என்று மறுபடியும் உங்களைக் கேட்டேன். என் இரண்டு கண்ணால் பார்த்தது, அபிப்பிராயமே இல்லை, பல் தெரியச் சிரித்தார். "பார்த்தது சரி. ஆனா சம்பவத்துக்கும் அதுக்கும் தொடர்பு இல்லையே" என்று அடிக்கச் சொல்லிவிட்டீர்கள். அடித்தேன். அந்த ஒரு வரியை அடிக்கும்போது எனக்கு இருந்த வலி அந்த ஸ்கூட்டர்காரருக்குக்கூட இருந்திருக்காது.

அறிக்கையில் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் இணைப்பில் சான்று இருக்க வேண்டும் என்றீர்கள் அல்லவா? இணைப்பு ஒன்று, கயிறு. இணைப்பு இரண்டு, தையல்காரர் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். இணைப்பு மூன்று, தொட்டி. நீங்கள் புகைப்படத்தை நினைத்துச் சொன்னீர்கள் என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. நானும் கப்பலும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். எழுத்தர் பட்டியலைப் பார்த்து, "இணைப்பு மூணு எங்கே?" என்றார். "வாசல்ல நிக்குது சார்" என்றேன். கப்பல் அதை இறக்கி வைத்த இடம் போன தடவை அது நின்ற அதே இடம். உள் அறையிலிருந்து, "மறுபடியுமா!" என்று அதிகாரியின் குரல் கேட்டது. ஜன்னல் திறக்கிற சத்தமும் கேட்டது. நல்லவேளை, கப்பல் அதற்குள் நகர்த்திவிட்டார். பட்டியலில் இருக்கிறதே என்று எழுத்தர் தொட்டியின் வயிற்றில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தினார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பரிந்துரை. "செய்ய முடியறதை மட்டும் எழுதுங்க சம்பந்தி. எழுதினா செஞ்சாகணும்" என்று நீங்கள் இரண்டு தடவை சொன்னீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தோன்றியது என்னவென்றால், இவர் வாழ்நாளில் ஒரு வாளிகூட விற்றதில்லை, இவருக்கு இது தெரியாது. உலகத்தில் எவன் சொன்ன விலைக்கு வாங்குகிறான்? நாம் கொடுக்க நினைப்பதற்கு மேலே ஏற்றிச் சொன்னால்தானே, அவர் இறக்க, நாம் முகத்தைச் சுளிக்க, அவர் எழுந்து போகப் பார்க்க, நாம் கையைப் பிடிக்க, கடைசியில் நடுவில் வந்து நிற்கும்? அதனால் ஏற்றி எழுதினேன். ஒன்று, இனி மாடியில் தொட்டியே வைக்கக் கூடாது. இரண்டு, மாடியைச் சுற்றி ஆள் உயரச் சுவர் எழுப்ப வேண்டும். மூன்று, கடை உரிமையாளர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும். நாலு, சுவர் முடிந்து அதிகாரி பார்த்துச் சரி சொல்லும்வரை கடையைத் திறக்கக் கூடாது. நாலாவதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. இவ்வளவு வேணாங்க, நல்ல கயிறா ரெண்டு சுத்து கட்டினாப் போதும் என்று அவர் சொல்வார், நானும் வேண்டாவெறுப்பாகச் சம்மதிப்பது போல ஒரு பெருமூச்சு விடலாம் என்று அந்தப் பெருமூச்சைக்கூட ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

அதிகாரி சுருக்கத்தைப் படித்தார். நீங்கள் சொன்ன மாதிரியே நடுவில் எதையும் பார்க்கவில்லை, நேராகக் கடைசிக்குப் போனார். ஒவ்வொரு பரிந்துரைக்கும் பேனா முனையை வைத்து வைத்துப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கைதேர்ந்த ஆள், பேரம் பலமாக இருக்கும் என்று நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நீங்களேவா எழுதினீங்க?"

"ஆமாம் சார்."

"பிரமாதம். இத்தனை வருஷத்துல தன் தப்பை இவ்வளவு நேர்மையா ஒத்துக்கிட்டு ஒரு கடைக்காரர் எழுதினதை நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லிக்கொண்டே 'நான்கும் ஏற்கப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"சார், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்றேன். "எதைப் பார்க்கணும்?" என்றார். "இல்ல, அந்த நாலாவது. நீங்க ஏதாவது குறைப்பீங்கன்னு..." "நான் எதுக்குக் குறைக்கணும்? நீங்க சொன்னதுதானே?" "நான் சொன்னது விலை சார். நீங்க கேட்க வேண்டாமா?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். சம்பந்தி, நான் இத்தனை வருஷ வியாபாரத்தில் எத்தனையோ பேரிடம் ஏமாந்திருக்கிறேன். ஆனால் முதல் விலைக்கே சரி என்று சொல்லி என்னை ஒருத்தர் கவிழ்த்தது இதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து நடப்பதெல்லாம் நல்ல சகுனமாக இல்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு வெள்ளிக்கிழமைக்குள் சுவர் எழும்புமா என்று கேட்டால், "எந்த வருஷத்து வெள்ளிக்கிழமை?" என்று கேட்கிறார். பாதுகாப்புப் பயிற்சிக்குக் காலையில் போய்வந்தேன். பத்துப் பதினைந்து கடைக்காரர்கள். பாடப் புத்தகம் கிடையாது, ஒரு நகலைக் கையில் கொடுத்தார்கள். என் அறிக்கை. என் பரிந்துரையை நானே எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டியதாயிற்று. எதிர்க்கடைக்காரர் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு என் ஷட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். "அண்ணே, அறிக்கை படிச்சேன். அருமையா வந்திருக்கு" என்கிறார். "நீ எங்கே படிச்சே?" என்றால், அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறார்களாம். கம்பெனி ஆள் போனில், "எனக்கு உங்க மேல மரியாதை உண்டு சார், ஆனா வெயில் காத்திருக்காது" என்று வைத்துவிட்டான். கப்பல் நேற்று வந்து நின்றார். "எதிர்க்கடையில கூப்பிடறாங்க முதலாளி" என்றார். அவரே மறுபடியும், "நான் போகலை. ஆனா கூப்பிடறாங்க" என்றார். அவருக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், எத்தனை நாளைக்குப் போகாமல் இருப்பார்? என் வாடிக்கையாளர்களே எதிர்க்கடையில் தொட்டி வாங்கிக்கொண்டு என் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். காலையில் எழுந்ததும் கை தானாகக் கடைச் சாவியைத் தேடுகிறது. சாவி இருக்கிறது, போட்டுத் திறக்கத்தான் முடியாது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது சம்பந்தி. மறுபடியும் சைக்கிளில் வாளி கட்டுகிற வயசு இல்லை எனக்கு.

ஆகையால் என் தாழ்மையான வேண்டுகோள். இந்தக் கடிதம் கண்டதும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியையும் பேனாவையும் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பி வாருங்கள். முதல் அறிக்கையைக் கவிழ்க்கிற மாதிரி இரண்டாவது அறிக்கை ஒன்று, சுருக்கம் முதல் இணைப்பு வரை அத்தனை அங்கத்தோடும் உங்கள் கையால் எழுத வேண்டும். முதல் அறிக்கை எழுதும்போது கடை உரிமையாளருக்குப் புத்தி சரியாக இல்லை என்று கண்டறிந்தவையில் தாராளமாகப் போடுங்கள். சான்று கேட்டால் என் வீட்டுக்காரி வாக்குமூலம் கொடுப்பாள். ஒரு வரியும் நான் சேர்க்கமாட்டேன், நீங்கள் எழுதும்போது அறைக்குள்கூட வரமாட்டேன். அப்படியும் மனசு வராவிட்டால், இந்த வம்பெல்லாம் உங்கள் சுருக்கத்தில்தான் தொடங்கியது என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

மாப்பிள்ளைக்கும் என் மகளுக்கும் என் மனம் நிறைந்த ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். உங்கள் குடும்பம் எல்லா வளமும் பெற்று, எந்த அலுவலகத்துக்கும் எதையும் எழுதிக் கொடுக்கிற அவசியமே இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்புச் சம்பந்தி,
பூட்டிய கடையின் உரிமையாளர்.

பின்குறிப்பு: வர வேண்டாம். மேலே எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், முக்கியமாக உங்கள் சுருக்கத்தைப் பற்றிச் சொன்னதை. நேற்று நான் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரி ஒற்றைத் தாளில் ஓர் அறிக்கை எழுதி எடுத்துக்கொண்டு தனியாக அதிகாரியைப் பார்க்கப் போயிருக்கிறாள். போனில் நீங்கள் எனக்குச் சொன்னதை எல்லாம் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாளாம். நகல் வைத்திருக்கிறாள், அப்படியே எழுதுகிறேன். சுருக்கம்: கடையை நாளையே திறக்கலாம். கண்டறிந்தவை: மாடியில் தொட்டி வைத்தால் உருளும்; கடைக்குப் பின்னால் காலி இடம் சும்மா கிடக்கிறது; கடை மூடியதிலிருந்து உரிமையாளர் பகல் முழுதும் வீட்டில் இருக்கிறார். முடிவு: மாடியில் தொட்டி இருப்பதும் வீட்டில் இவர் இருப்பதும் ஒரே அளவு அபாயம். பரிந்துரை ஒன்று: தொட்டிகளை எல்லாம் பின்னால் தரையில் இறக்கிவிடுகிறோம், மாடியில் தொட்டி இல்லாதபோது சுவர் தேவையில்லை. இரண்டு: மாடிக் கதவின் சாவி என்னிடம் இருக்கும். அதிகாரி படித்துவிட்டு, "மாடியில தொட்டியே இல்லைன்னா சுவர் எதுக்கு? எனக்குத் தோணவே இல்லை பாருங்க" என்றாராம். கண்டறிந்தவையில் மூன்றாவதை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் இப்ப என்ன பண்றார்?" என்று கேட்டிருக்கிறார். "சம்பந்திக்குக் கடிதம் எழுதறார். ஆறாவது பக்கம் போயிட்டிருக்கு" என்றிருக்கிறாள். அந்த நிமிஷமே பேனாவை எடுத்துவிட்டார். மாலைக்குள் கப்பல் தொட்டிகளை எல்லாம் கீழே இறக்கி முடித்தார், அதிகாரியே வந்து பார்த்துச் சீலை எடுத்தார், இன்று காலை கடை திறந்து கூட்டம் நெரிகிறது, கம்பெனி ஆளும் வந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். பரிந்துரை மூன்று என்று ஒன்று இருக்கிறது: உரிமையாளர் இனி யாருக்கும் எதையும் எழுதக் கூடாது. அதையும் அதிகாரி ஏற்றுக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தையாவது அனுப்பலாமா என்று பயந்துகொண்டே கேட்டேன். "அவர் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எழுத ஆரம்பிச்சது, போகட்டும்" என்று விட்டுவிட்டாள். இந்தப் பின்குறிப்பை நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது. பதில் போட்டால் கடை முகவரிக்குப் போடாதீர்கள். கல்லாவில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.